தேவாலயத்தில் ஊமைப்படம்: நேரடி ஆர்கன் இசையோடு ஒரு காட்சி நடத்துவது எப்படி

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஊமைப்படத்துக்கு நேரடி ஆர்கன் (குழாய்களில் காற்றைச் செலுத்தி ஒலிக்கும் பெரிய கீபோர்டு வாத்தியம்) இசை இன்றும் இரண்டு வகை இடங்களில் கேட்கக் கிடைக்கிறது. சினிமாவுக்கென்றே கட்டிய ஆர்கன் பிழைத்திருக்கும் பழைய தியேட்டர்கள் ஒரு வகை. சிகாகோ தியேட்டரின் வுர்லிட்சர் ஆர்கன் (1921), பெர்லின் பாபிலோன் தியேட்டரின் பிலிப்ஸ் ஆர்கன் (1929) போன்றவை இதில் சேரும். இன்னொரு வகை தேவாலயங்கள். தியேட்டர்களில் ஆளும் அனுபவமும் ஏற்கெனவே இருக்கும். ஒரு தேவாலயத்தில் முதன்முறையாக இதை நடத்தப் போகிறவர்களுக்குத்தான் இந்தக் குறிப்புகள். பாதி ஏற்பாட்டாளருக்கு, பாதி வாசிப்பவருக்கு.

எந்த ஆர்கனுக்கு எந்தப் படம்

ராபர்ட் ஹோப்-ஜோன்ஸ் 1910-ல் வுர்லிட்சர் கம்பெனிக்குக் கொண்டுவந்த தியேட்டர் ஆர்கன் தனி ஜாதி. காற்றழுத்தம் அதிகம், ட்ரெமுலன்ட்டின் (காற்றை அசைத்து ஒலியை நடுங்கவைக்கும் கருவி) நடுக்கம் ஆழம். டிரம், சைலஃபோன், குதிரைக் குளம்பொலி, ரயில் விசில் எல்லாம் கைக்கும் காலுக்கும் எட்டும் தூரத்தில் இருக்கும். குழாய்கள் முழுவதும் அறைக்குள் அடைபட்டிருப்பதால், கதவுப் பலகைகளைக் காலால் திறந்து மூடியே சத்தத்தை ஏற்றி இறக்கலாம். சர்ச் ஆர்கனில் இந்த வசதியெல்லாம் கிடையாது. ஏதோ ஒரு கீபோர்டின் குழாய்கள் மட்டும் இப்படித் திறந்து மூடும் ஸ்வெல் பெட்டிக்குள் இருந்தால் அதுவே பெரிது. போதாக்குறைக்குக் கல் கட்டடம்: கீயை விட்டபிறகும் 3 முதல் 6 விநாடி வரை ஒலி நிற்கும்.

படத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் கட்டடத்தைச் சோதியுங்கள். நடுக்கூடத்தில் நின்று பலமாக ஒரு தட்டு தட்டி, ஒலி முழுதாக அடங்கும் நேரத்தை ஸ்டாப்வாட்சில் பாருங்கள். 2 விநாடிக்குள் அடங்கினால் நகைச்சுவைப் படம் தாங்கும். 4-க்கு மேல் போனால் துரத்தல் காட்சிகளின் வேகமான ஸ்வரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கூழாகிவிடும். அந்தக் கட்டடத்துக்குத் திகில் படம், சோகக் கதை, புனிதர் கதைதான் பொருந்தும். திகில் படத்தைப் பலிபீடத்துக்கு முன்னால் காட்டப் பங்குத்தந்தை சம்மதிப்பாரா என்பது வேறு கேள்வி. போஸ்டர் அடிக்கும் முன்பே கேட்டுவிடுவது நல்லது.

உரிமை

'நூறு வருஷப் பழைய படம், யார் கேட்கப்போகிறார்கள்' என்று இறங்கிவிடக் கூடாது. அமெரிக்காவில் வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டு முடிந்தால் படம் பொதுச்சொத்து. ஐரோப்பிய ஒன்றியத்தில் இயக்குநர், திரைக்கதை எழுதியவர், வசனம் எழுதியவர், படத்துக்கென்றே இசையமைத்தவர் ஆகியோரில் கடைசியாக இறந்தவரின் இறப்புக்குப்பின் 70 ஆண்டு கணக்கு. இயக்குநர் கார்ல் டிரையர் 1968-ல் இறந்தார். அதனால் அவருடைய 1928-ம் ஆண்டு ஜோன் ஆஃப் ஆர்க் படம் அமெரிக்காவில் பொதுச்சொத்தாகிவிட்டாலும், ஐரோப்பாவில் குறைந்தது 2038 முடியும்வரை உரிமைக்கு உட்பட்டதே. படம் பொதுச்சொத்து என்றாலும் புதிதாகச் சீரமைத்த பிரதியைத் தருகிற காப்பகம் அதற்குத் தனிக் கட்டணம் கேட்கும். கடையில் வாங்கிய ப்ளூ-ரே வீட்டில் பார்ப்பதற்கு மட்டும்தான். 'பொதுத் திரையிடல், நேரடி இசையுடன்' என்று எழுத்தில் அனுமதி வாங்குங்கள். நிகழ்ச்சியைப் பதிவுசெய்து இணையத்தில் போட நினைத்தால் அதையும் அதே கடிதத்தில் கேளுங்கள். பின்னால் கேட்டால் கிடைப்பது கடினம்.

பிரதி வந்ததும் முதல் வேலை, எந்த வேகத்தில் ஓடுகிறது என்று பார்ப்பது. ஊமைப்படக் காலத்தில் விநாடிக்கு இத்தனை ஃபிரேம் என்று நிலையான கணக்கு கிடையாது. 16-லிருந்து 24 வரை எதுவும் இருக்கலாம். 35 மி.மீ. பிலிமில் ஓர் அடிக்கு 16 ஃபிரேம். ஆக 1,000 அடி ரீல் விநாடிக்கு 16 ஃபிரேமில் 16 நிமிடம் 40 விநாடி ஓடும், 24-ல் சுமார் 11 நிமிடத்தில் முடிந்துவிடும். ஆறு ரீல் படம் என்றால் 100 நிமிடமா 67 நிமிடமா என்ற வித்தியாசம். இணையத்தில் கிடைக்கும் பிரதியை வைத்துப் பயிற்சி செய்துவிட்டு, காட்சியன்று காப்பகப் பிரதிக்கு வாசித்தால் குறிப்புகள் அத்தனையும் பாழ். காட்சியன்று ஓடப்போகும் அதே ஃபைலின் நகல்தான் வாசிப்பவர் கைக்கு முதல் நாளே போகவேண்டும்.

திரையும் வெளிச்சமும்

ஊமைப்படங்களின் சட்டம் பெரும்பாலும் 4:3. அதை 16:9 திரையில் இழுத்து நிரப்பினால் ஆட்கள் குண்டாவார்கள், மேலும் கீழும் வெட்டி நிரப்பினால் தலை போகும். இரண்டு பக்கமும் கறுப்பு விட்டுத்தான் காட்டவேண்டும்.

4.8 மீட்டர் அகலம், 3.6 மீட்டர் உயரத் திரைக்குக் கணக்கு இது. சினிமா தியேட்டர் தரத்துக்கு வெளிச்சம் வேண்டுமென்றால் படப் பரப்பில் சுமார் 2,600 லூமன் விழவேண்டும். 16:9 புரொஜெக்டரில் 4:3 படம் முக்கால் பங்கு இடத்தையே பயன்படுத்துவதால் அது 3,500 ஆகிறது. விளக்கு பழசாவதையும் அணைக்கக் கூடாத வெளியேறும் வழி விளக்குகளையும் சேர்த்தால் 5,000 லூமனுக்குக் குறைந்ததை வாடகைக்கு எடுக்காதீர்கள். புரொஜெக்டரை வைக்கும் தூரத்தை 16:9-ன் முழு அகலத்தை வைத்துக் கணக்கிடுங்கள். 3.6 மீட்டர் உயரத்துக்கு முழு அகலம் 6.4 மீட்டர், லென்ஸ் விகிதம் (தூரம் அகலத்தைப் போல் எத்தனை மடங்கு என்பது) 1.5 என்றால் 9.6 மீட்டர் தள்ளி வைக்கவேண்டும். 4.8-ஐ வைத்துக் கணக்குப்போட்டு 7.2 மீட்டரில் மேசை போட்டுவிட்டால், படம் திரையைவிடச் சிறிதாக விழும். நாற்காலிகளை மறுபடி நகர்த்தவேண்டி வரும்.

வண்ணக் கண்ணாடி ஜன்னல்களை மூடுவது நடக்காத காரியம். வட ஐரோப்பாவில் ஜூன் மாதத்தில் இரவு 10 மணிக்கும் வெளிச்சம் இருக்கும். இந்த நிகழ்ச்சிகளை அக்டோபர், நவம்பரில் வைப்பதற்கு ஹாலோவீன் மட்டும் காரணமில்லை.

வாசிப்பவர் கண்ணுக்குப் படம் தெரியவேண்டும்

அதிகம் சொதப்புவது இங்கேதான். பல தேவாலயங்களில் ஆர்கன் பின்பக்க மாடியில், வாசிப்பவர் முதுகு பீடத்தைப் பார்த்து இருக்கும். திரை பீடத்துக்கு முன்னால். பூசையைக் கவனிக்க வைத்திருக்கும் கண்ணாடி போதுமே என்று சிலர் நினைப்பார்கள். கண்ணாடியில் படம் இடம்வலம் மாறும், எழுத்து அட்டைகளை வாசிக்க முடியாது, 90 நிமிடம் கழுத்தைத் தூக்கிப் பார்க்கவும் முடியாது.

ஒரு மானிட்டர் வையுங்கள். 20 முதல் 24 அங்குலம் போதும். நோட்டு வைக்கும் பலகைக்கு இடமோ வலமோ, கண்மட்டத்தில். பிளேயரிலிருந்து ஸ்ப்ளிட்டர் போட்டு ஒரு வழி புரொஜெக்டருக்கும் ஒரு வழி மானிட்டருக்கும் போகட்டும். மாடிக்குக் கேபிள் 30, 40 மீட்டர் ஓடும். சாதாரண எச்டிஎம்ஐ கேபிள் 10, 15 மீட்டரைத் தாண்டினால் படம் விட்டுவிட்டு வரும், அல்லது வரவே வராது. எஸ்டிஐ கேபிள், ஆப்டிகல் எச்டிஎம்ஐ, நெட்வொர்க் கேபிளில் அனுப்பும் எக்ஸ்டெண்டர், மூன்றில் ஒன்று. வயர்லெஸ் வேண்டாம். திரையைக் கேமராவில் பிடித்து மானிட்டருக்கு அனுப்பும் குறுக்குவழியும் வேண்டாம். இரண்டிலும் தாமதம் சேரும். டி.வி.யையே மானிட்டராக வைத்தால் 'கேம் மோட்' போடுங்கள். படத்தை மெருகேற்றுகிறேன் என்று அது தன் பங்குக்குத் தாமதப்படுத்தும்.

தாமதம் ஏற்கெனவே இன்னொரு இடத்தில் இருக்கிறது. பின்மாடியிலிருந்து முன்வரிசைக்கு 30 மீட்டர் என்றால் ஒலி போய்ச்சேர 90 மில்லிவிநாடி ஆகும், அதாவது இரண்டு ஃபிரேமுக்கு மேல். பெரிய குழாய்கள் பேசத் தொடங்கவே கொஞ்சம் நேரமெடுக்கும். ஆக முன்வரிசைக்காரருக்கும் பின்வரிசைக்காரருக்கும் ஒரே நேரத்தில் துப்பாக்கி வெடிக்காது. ஒவ்வொரு அடிக்கும் விழுகைக்கும் துல்லியமாகச் சத்தம் கொடுக்கும் ஆசையை இந்த ஒரு காரணத்துக்காகவே விட்டுவிடலாம்.

ஆர்கனைத் தயார்செய்வது

வெப்பம் 1 டிகிரி ஏறினால் சாதாரணக் குழாய்களின் சுருதி சுமார் 3 சென்ட் ஏறும் (ஒரு செமிடோன் 100 சென்ட்). நாக்குக் குழாய்கள், அதாவது ட்ரம்பெட், ஓபோ வகை, அதே அளவுக்கு ஏறாது. 18 டிகிரியில் சுருதி சேர்த்த ஆர்கனை, கூட்டத்துக்காக ஹீட்டர் போட்டு 22 டிகிரியில் வாசித்தால் இரண்டு குடும்பத்துக்கும் நடுவே 12 சென்ட் இடைவெளி விழும். சேர்ந்து ஒலிக்கும்போது காதில் அலையடிக்கும். சுருதி பார்க்க வருபவரிடம் காட்சியன்று இருக்கப்போகும் வெப்பநிலையைச் சொல்லி, அதே வெப்பத்தில் வேலையை முடிக்கச் செய்யுங்கள். காட்சி முடியும்வரை ட்ரம்பெட்டையும் ஃப்ளூட்டையும் கலக்காமல் தனித்தனியாக வாசிப்பதும் ஒரு தப்பிக்கும் வழி.

பிஸ்டன் நினைவகம் (குழாய் வரிசைகளின் ஒரு சேர்க்கையை ஒரே பொத்தானில் பதித்து வைக்கும் வசதி) உள்ள ஆர்கன் என்றால் எட்டு அமைப்பு போதும். அதற்கு மேல் வைத்தால் இருட்டில் எந்த எண் எதற்கு என்று மறந்துபோகும். ஒரு மாதிரி (பெயர்கள் குழாய் வரிசைகளுடையவை, 'அடி' குழாயின் நீளம்; நீளம் கூடினால் ஒலி கீழிறங்கும்): 1, பெட்டி மூடிய நிலையில் ஸ்ட்ரிங் 8 அடி மட்டும்; 2, அதோடு செலஸ்ட்; 3, தனி ஃப்ளூட் 4 அடி; 4, ஓபோ தனியாக, கீழே மெல்லிய துணை; 5, இருட்டுக்கு 16 அடியும் 8 அடியும், மேலே எதுவும் இல்லாமல்; 6, கேலிக்கு 8 அடியோடு நடுவில் இடைவெளி விட்டு 2 அடி அல்லது 1 அடி; 7, பிரின்சிபல்கள் நிறைவாக; 8, மொத்தமும். பெடலில் (காலால் வாசிக்கும் கீபோர்டில்) 32 அடி இருந்தால் அதைப் பிஸ்டனில் வைக்காமல் கையாலேயே இழுங்கள். அதன் அடிமட்ட ஸ்வரம் விநாடிக்கு 16 அதிர்வு. காதுக்கு எட்டும் முன் பெஞ்சு நடுங்கும். ஒரு படத்தில் இரண்டு முறைக்கு மேல் வந்தால் அந்த நடுக்கத்தை யாரும் பொருட்படுத்தமாட்டார்கள்.

இயந்திர இணைப்புள்ள பழைய ஆர்கனில் ஸ்டாப்பை (ஒரு குழாய் வரிசையைத் திறக்கும் பிடி) பாதி மட்டும் இழுத்தால் காற்றுப் போதாமல் குழாய் முனகும். பேய்ப் படத்துக்கு இதைவிட மலிவான தந்திரம் கிடையாது. முழங்கையால் கீகளை மொத்தமாக அழுத்துவதும் உண்டு. துருத்தியில் காற்றிறங்கிச் சுருதி தள்ளாடும், அது வேண்டியும் இருக்கலாம். ஆனால் இரண்டையும் அந்தச் சர்ச்சின் ஆர்கனிஸ்டிடம் கேட்காமல் செய்யாதீர்கள்.

படத்தைப் படிப்பது

முதல் தடவை சத்தமில்லாமல், குறிப்பெடுக்காமல், முழுதாகப் பாருங்கள். வேறொருவர் இசையமைத்த பிரதியைக் கேட்டுவிட்டால் அந்த மெட்டு விரலில் ஒட்டிக்கொள்ளும். இரண்டாம் தடவை நிறுத்தி நிறுத்திக் குறிப்பு எழுதுங்கள். 90 நிமிடப் படத்துக்கு 35 முதல் 45 வரி, பெரிய எழுத்தில், தாளின் ஒரு பக்கம் மட்டும். ஒவ்வொரு வரியிலும் நான்கு விஷயம்: திரையில் என்ன தெரிகிறது, அதற்கு முன்னால் என்ன தெரிந்தது, எந்த மெட்டு, எந்தப் பிஸ்டன். முன்னால் வருவதை எழுதாவிட்டால் காட்சி மாறியபிறகுதான் கை மாறும். நிமிடக் கணக்கை மட்டும் நம்பவேண்டாம். பிளேயரை ஒருமுறை நிறுத்தி ஓட்டினால் கணக்கு முழுதும் போச்சு.

மூன்றாம் தடவை வாசியுங்கள். மனோதர்மம் என்பதால் ஒவ்வொரு தடவையும் வேறாகத்தான் வரும், வரட்டும். நிலையாக இருக்கவேண்டியவை மூன்று நான்கு மெட்டுகள் மட்டும்: நாயகனுக்கு ஒன்று, காதலுக்கு ஒன்று, ஆபத்துக்கு ஒன்று, வேண்டுமானால் ஊருக்கு ஒன்று. ஒவ்வொன்றும் ஐந்தாறு ஸ்வரத்துக்குள் இருக்கட்டும். நீளமான மெட்டை முடிக்கும் முன் காட்சி மாறிவிடும். குட்டி மெட்டை மெதுவாக்கலாம், மைனருக்கு மாற்றலாம், பெடலில் தூக்கிப் போடலாம், தலைகீழாகத் திருப்பலாம். பல்லவி ஒரே வரிதானே, அதை வைத்துத்தானே அரைமணி நேரம் நிரவல் நடக்கிறது.

தெரிந்த பாட்டு வரிகளைச் செருகினால் கூட்டம் சிரிக்கும், ஒத்துக்கொள்ளவேண்டியதுதான். ஆனால் அது உரிமையுள்ள பாட்டு என்றால் நிகழ்த்துரிமைக் கட்டணக் கணக்கு தொடங்கும்.

வாசிக்கும்போது

ஆர்கனின் பலவீனம், அது களைக்காது. பியானோ ஸ்வரம் தானாகத் தேயும், புல்லாங்குழல் வாசிப்பவர் மூச்சு வாங்குவார். ஆர்கனோ கீயை அழுத்தியிருக்கும்வரை அதே பலத்தோடு நிற்கும். கேட்பவர் காது அரைமணியில் சலித்துவிடும். ஆகவே மூச்சை வாசிப்பவர்தான் வைக்கவேண்டும்: வரிக்கு வரி கையை எடுப்பது, பெடலைப் பத்து நிமிடம் தொடாமலே இருப்பது, ஒற்றை ஃப்ளூட்டில் ஒரு முழுக் காட்சியைக் கொண்டுபோவது. மொத்த ஆர்கனும் திறக்கும் நேரம் முழுப் படத்திலும் சேர்த்து ஐந்து நிமிடத்தைத் தாண்டக்கூடாது.

இந்தச் சிக்கனம் எவ்வளவு தேவை என்பது நகைச்சுவை நடிகர் ஹரால்ட் லாய்டின் 1923-ம் ஆண்டுப் படமான 'சேஃப்டி லாஸ்ட்'டில் தெரியும். கட்டடத்தில் ஏறும் காட்சி கிட்டத்தட்ட 20 நிமிடம். கடிகார முள்ளில் தொங்குவது அதன் முடிவல்ல. அதற்குப் பிறகும் ஏறவேண்டும், கடைசியில் காலில் கயிறு சிக்கித் தலைகீழாக ஆடவேண்டும். இரண்டாம் மாடியிலேயே சத்தத்தைக் கூட்டிவிட்டால் கடிகாரத்துக்கு ஒன்றும் மிஞ்சாது. ஒற்றை 8 அடி ஃப்ளூட்டில் தொடங்கி, மாடிக்கு ஒரு ஸ்டாப் சேர்த்து, இடையில் ஒரு மாடியில் திரும்பக் குறைத்து, கடிகாரத்தில் முக்கால் பங்கு, கயிற்றில் மிச்சம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

ஷாட் மாறும்போதெல்லாம் இசையை மாற்றாதீர்கள். எழுத்து அட்டை வந்தால் நிறுத்தவும் வேண்டாம். காட்சியின் மனநிலை மாறும்போதுதான் மாற்றம். திகிலில் இசை படத்தைவிட முந்திக்கொண்டால் கதை தெரிந்துவிடும். கதவு திறக்கும்வரை சாதாரணமாகவே வாசியுங்கள். பயம் என்றதும் டிமினிஷ்ட் கார்டை (பதற்றம் தரும் ஒரு ஸ்வரக் கூட்டு) நடுக்கிக்கொண்டே இருப்பது தேய்ந்துபோன பழக்கம். இப்போது கூட்டம் அதற்குச் சிரிக்கிறது.

திரைக்குள்ளேயே யாராவது வாசித்தால் அங்கே நீங்கள் அவர்கள்தான். 1925-ம் ஆண்டு 'ஃபான்டம் ஆஃப் தி ஓபரா'வில் ஃபான்டம் ஆர்கன் வாசித்துக்கொண்டிருக்கும்போதே கிறிஸ்டீன் பின்னாலிருந்து முகமூடியைப் பறிக்கிறாள். ஆர்கன் காட்சிகளிலேயே அதிகம் எதிர்பார்க்கப்படும் இடம், அதிகம் கெடுக்கப்படும் இடமும் அதுதான். முகமூடி கழன்றதும் பலர் மொத்த ஆர்கனையும் திறந்து அலறவிடுகிறார்கள். அவன் கை கீயை விட்டுவிட்டதே, பிறகு ஆர்கன் எப்படி ஒலிக்கும்? அதுவரை அவன் வாசிப்பதை மட்டும் வாசியுங்கள், பின்னால் நெருங்குபவளுக்கென்று தனியாகப் பயமுறுத்தவேண்டாம். அவன் கையெடுக்கும்போது நீங்களும் எடுங்கள். கட்டடம் அந்தக் கடைசி ஒலியை மூன்று நான்கு விநாடி பிடித்துவைத்திருக்கும். அவன் முகம் திரையை நிறைப்பது அந்த ஒலி தேய்கிற நேரத்தில். அது முழுதாக அடங்கியபிறகு பெடலில் ஒரே ஸ்வரம், மெதுவாக.

இதே கணக்கு எந்த மௌனத்துக்கும் பொருந்தும். 4 விநாடி ஒலி நிற்கும் கட்டடத்தில், மௌனம் விழவேண்டிய இடத்துக்கு 4 விநாடி முன்பே கையை எடுக்கவேண்டும்.

ஒத்திகையும் காட்சியும்

ஒத்திகை இருட்டில், படம் ஓட, அதே கட்டடத்தில். பெஞ்சில் உட்கார்ந்து தூண் எங்கே மறைக்கிறது என்று ஒருவர் சுற்றிப் பார்த்து அந்த இருக்கைகளை விற்காமல் விடவேண்டும். காலி இடத்தில் சரியாக இருந்த சத்தம் 300 பேர் வந்தபிறகு வறண்டுபோகும், உடைகள் ஒலியைக் குடிக்கும். மெல்லிய அமைப்புகளில் ஒரு ஸ்டாப் கூடுதலாக யோசித்துவையுங்கள். நோட்டுப் பலகை விளக்கின் வெளிச்சம் மாடிக் கூரையில் அடிக்கிறதா என்றும் பாருங்கள்.

காட்சியன்று ப்ளோவரை (குழாய்களுக்குக் காற்று தரும் மோட்டார் விசிறி) அரைமணி முன்னால் போட்டு எல்லா ஸ்டாப்பையும் ஒருமுறை இழுத்து, ஒவ்வொரு கீயாகத் தொட்டுப் பாருங்கள். ஏதாவது குழாய் அடங்காமல் ஒலித்துக்கொண்டே நின்றால் அந்தக் கீயை நாலைந்து முறை வேகமாகத் தட்டினாலே பெரும்பாலும் விட்டுவிடும். விடாவிட்டால் அது எந்த ஸ்டாப் என்று கண்டுபிடித்து அன்றைக்கு அதைத் தொடாதீர்கள். படத்தின் நடுவில் நடந்தால், ஸ்டாப்பை மூடும்வரை அந்த ஸ்வரத்தையே சுருதியாக வைத்து வாசிக்கலாம், கூட்டத்துக்குத் தெரியாது.

பிளேயர் கம்ப்யூட்டரில் ஸ்க்ரீன்சேவர், அப்டேட், அறிவிப்பு எல்லாம் அணைத்திருக்கவேண்டும். இரண்டாவது கருவியில் அதே ஃபைல் தயாராக இருக்கட்டும். படம் நின்றுபோனால் வாசிப்பவர் நிறுத்தக்கூடாது; இருட்டில் இசை தொடர்ந்தால் கூட்டம் அமைதியாகக் காத்திருக்கும். ஆர்கனே நின்றுபோனால் எந்த இடத்தில் படத்தை நிறுத்துவது என்று முன்கூட்டியே பேசிவையுங்கள். தொடங்கும் சைகைக்கு ஒரு சின்ன விளக்கு போதும்: வாசிப்பவர் முகப்பிசை அரை நிமிடம் வாசித்து விளக்கைச் சிமிட்டினால் படம் ஓடத் தொடங்கும். ஃபைலின் தலையில் 10 விநாடி கறுப்பு வைத்திருந்தால் இரண்டும் இழையும்.

படம் நீளமானால் இடைவேளை விடுங்கள். 2010-ல் சீரமைத்து வெளியிட்ட 'மெட்ரோபோலிஸ்' சுமார் 150 நிமிடம் ஓடும். படமே மூன்று பாகமாகப் பிரிந்திருப்பதால் முதல் பாகம் முடிந்ததும் நிறுத்தலாம். அவ்வளவு நேரம் கை, கால், கண் மூன்றும் ஓயாமல் வேலை செய்யும் ஆளுக்குத் தண்ணீரும் பதினைந்து நிமிடமும் தேவை.

கடைசி எழுத்து மறைந்து, கடைசி ஒலியும் அடங்கியபிறகே விளக்கைப் போடவேண்டும். விளக்குப் பொறுப்பில் இருப்பவரிடம் இதைச் சொல்லி வைக்காவிட்டால் அவர் 'முடிவு' என்று கண்டதும் தட்டிவிடுவார். கூட்டம் போனபிறகு பிஸ்டன் நினைவகத்தைப் பழைய நிலைக்கு மாற்றுங்கள். ஸ்டாப்புகளை மூடி, ஸ்வெல் பெட்டியைத் திறந்தபடி விட்டுவிட்டு ப்ளோவரை நிறுத்துங்கள். பெட்டி மூடியிருந்தால் உள்ளே ஒரு வெப்பம், வெளியே ஒரு வெப்பம் என்றாகி, மறுநாள் காலைப் பூசைக்கு வருகிற ஆர்கனிஸ்டுக்கு முதல் பாட்டிலேயே சுருதி இரண்டாகப் பிரிந்து கேட்கும்.